அக்கா நடத்திய பரிசுப் போட்டி

போட்டி முடிய இரண்டு நாள்தான் இருந்தது. வந்திருந்த பதில்கள் மொத்தம் மூன்று. அதிலும் ஒன்று, உடனடிக் கடன் வேண்டுமா என்று கேட்டிருந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கடன்காரர் அங்கேயேதான் இருந்தார்.

அக்கா என்பது அந்த இணையப் பத்திரிகை அவளுக்குக் கொடுத்த பெயர். பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கிற நாவல்களுக்கென்று அதில் ஒரு பகுதி. புதிதாக என்ன வருகிறது, எது தேறும், எது தேறாது என்று எழுதி, மாதம் ஒருமுறை இலவசப் புத்தகத்துக்குப் போட்டியும் வைத்து, எல்லாவற்றுக்கும் கீழே 'அன்புடன், உங்கள் அக்கா' என்று அவள் கையெழுத்துப் போடுவாள். முகப்பில் இரட்டைப் பின்னலோடு ஒரு கார்ட்டூன் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். நிஜ அக்காவுக்கு வயது நாற்பத்தாறு, கூடவே ஒரு முழங்கால் வலி. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவளைவிட மூத்த முதலாளியும்கூட.

"ஒளிவுமறைவில்லாம பேசுவோம்க்கா," என்றார் முதலாளி. "உங்க பகுதியை ஈ காக்கா எட்டிப் பாக்கல. இந்தப் போட்டிக்கு நூறு பேர் பதில் போட்டா பகுதி இருக்கும். இல்லேன்னா அந்த இடத்துல மெத்தை விமர்சனம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். மெத்தைக் கம்பெனிக்காரங்க விளம்பரத்தோட வரிசையில நிக்கிறாங்க."

"மெத்தையைப் பத்தியும் நானே எழுதறேன் சார்."

"அது படுத்துப் பாத்து எழுதணும்க்கா. உங்களுக்கு முழங்கால் வலி. படுத்தா எந்திரிக்கவே அரை நாள் ஆகும்."

ஆக, நூறு பதில் வராவிட்டால் அக்கா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் இருந்தது இரண்டே பேர், அவளும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும். அப்பா என்கிறவர் வேறு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அந்த இரட்டைப் பின்னலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா மற்ற இரண்டு பதில்களைப் பார்த்தாள். ஒன்று 'பரிசுப் புலி' என்பவருடையது. யார் எதை இலவசமாகக் கொடுத்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர். போன மாதம் வேறொரு போட்டியில் ஹெல்மெட் வாங்கியதாகவும், புத்தகத்துக்குப் பதிலாக இன்னொரு ஹெல்மெட் கிடைத்தால் வசதியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

இன்னொன்று 'பின்சீட்டு' என்ற பெயரில் வந்திருந்தது. ஒன்றரைப் பக்கம். அப்புறம் படிக்கலாம் என்று அக்கா விட்டுவிட்டாள். நீளமான எதையும் அவள் அப்புறம்தான் படிப்பாள். பரிசாகக் கொடுக்கப்போகிற அந்த நாவலையே பின்னட்டையோடு நிறுத்தியிருந்தாள். பின்னட்டையை வைத்தே விமர்சனம் எழுதி, நாலரை நட்சத்திரமும் கொடுத்து, 'கண்கலங்க வைக்கும் முடிவு' என்று சான்றிதழும் வழங்கியிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து உட்கார்ந்தாள். விமர்சனத்துக்கு வந்த பிரதி அங்கேதான் கிடக்கும். தேடினாள், காணவில்லை. எந்தப் புத்தகம் எங்கே போகிறது என்று அந்த வீட்டில் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள். பின்னட்டை வாசகம் அவளுக்கு மனப்பாடம், அது போதும்.

போட்டியின் கேள்வி சுலபமானது: வீட்டைவிட்டு ஓடிப்போகிற கதாநாயகியிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அக்கா முதலில் 'மின்னல் மண்டை' ஆனாள். "செம புக். நீ வேற லெவல் தோழி." அடுத்து 'சோம்பேறிச் சிங்கம்' ஆனாள். "ஓடு தங்கச்சி ஓடு, கெத்து." பத்துப் பன்னிரண்டு பேராக ஆன பிறகு சரக்கு தீர்ந்துபோயிற்று. எழுந்துபோய் மகளின் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

மகள் எதையோ போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். போனாகத்தான் இருக்கும்.

"ஏண்டி, ஒண்ணு ரொம்ப நல்லா இருந்தா உங்க வயசுப் பிள்ளைங்க என்ன சொல்வீங்க?"

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுவோம்."

"அது இல்ல, ஸ்டைலா."

"தெரியல. அம்மா, இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுன்னு கேட்டேனே."

"எங்கிட்ட மறைக்கிறதுக்கு உனக்கு அப்படி என்ன இருக்கு? தாழ்ப்பாளாம். ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் நான் படிக்க வைக்கிறேன், பெத்த பிள்ளை ஒரு புத்தகத்தைத் தொடறதில்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்னும் எண்பத்தைந்து பேராவது பிறக்கவேண்டியிருந்தது.

மறுநாள் முதலாளி எண்ணிக்கையைப் பார்த்து நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். நூறைத் தாண்டியிருந்தது. "கலக்கிட்டீங்கக்கா," என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன, இவ்வளவு நீளம்?"

அக்கா எட்டிப் பார்த்தாள். பின்சீட்டு. முதலாளி சத்தமாகப் படித்தார்.

"'தோழி, கடைசியில உன் அம்மா வந்து கதவைத் தட்டிட்டு வெளியிலேயே நிக்கிறாங்க. நான் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். உனக்குக் கோபம் தீரலைன்னாலும் திறந்துடு. தட்டிட்டு நிக்கிற அம்மா எல்லாருக்கும் கிடைக்கறதில்ல.'"

அப்படி ஓர் இடம் நாவலில் இருக்கிறதா என்று அக்காவுக்குத் தெரியாது.

"இதை எழுதினது பிள்ளை இல்லக்கா," என்றார் முதலாளி. "யாரோ பெரியவர். அம்மாவைப் பறிகொடுத்த ஆளா இருக்கும்."

"சந்தேகமே வேண்டாம் சார்," என்றாள் அக்கா. "இந்த வயசுப் பிள்ளைங்க இப்படி எழுதவே மாட்டாங்க. மத்ததையெல்லாம் பாருங்க, எப்படித் துள்ளுது. இது அறுபது வயசு. பாத்த உடனே சொல்லிடுவேன், எத்தனை வருஷமா இந்தப் பிள்ளைங்களோட மனசைப் படிக்கிறேன்."

"இப்படி எத்தனை பேர் பொய் சொல்லி உள்ள வந்திருக்காங்களோ. எல்லாரையும் போன் போட்டு விசாரிச்சுடலாமா?"

அக்கா அவசரமாகத் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். உண்மையில், வரிசையில் அது ஒன்றுதான் துருத்திக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் மற்றவையெல்லாம் பிளாஸ்டிக் பூ மாதிரி தெரிந்தன.

"எதுக்கு சார் சிரமம். இது ஒண்ணுதான் கள்ளப் பதில். அழிச்சுடறேன்," என்று சொல்லி, சொன்ன கையோடு அழித்தாள். அத்தோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள்.

ஆனால் முதலாளிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் எழுதியிருக்கும்போது குலுக்கலை நேரலையில் வைக்காவிட்டால் எப்படி என்றார். நாவலாசிரியரையே கூப்பிட்டார். வெள்ளை முடிக்குமேல் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தன்னை 'இளைஞர்களின் நண்பன்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறவர் அவர். கணினி வேலைகளையெல்லாம் பார்க்கிற இளைஞன் கேமராவை நிறுத்தினான். அவன் கழுத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு ஒயர் தொங்குவதால் அலுவலகத்தில் அவன் பெயரே ஒயர். அவன் பொத்தானைத் தட்டினான். திரையில் பெயர்கள் ஓடி, 'மின்னல் மண்டை' என்று நின்றன.

அக்கா கைதட்டினாள். வேறென்ன செய்வாள்.

"அந்தப் பிள்ளையை இங்க வரவழைச்சு நம்ம ஐயா கையால குடுக்கறோம்," என்று முதலாளி கேமராவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

நேரலை முடிந்ததும் அக்கா ஆரம்பித்தாள். "அந்தப் பிள்ளை ரொம்பத் தூரம் சார்."

"கார் அனுப்பிடலாம்."

"உடம்பு வேற சரியில்லையாம்."

"அடப் பாவமே. அப்போ நாமளே வீட்டுக்குப் போயிடலாம். நோயாளிப் பிள்ளைக்குப் புத்தகம்னா படம் இன்னும் உருக்கமா வரும்."

"இல்ல சார், சரியாயிடுச்சாம்," என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் மகளின் அறைக் கதவை வழக்கம்போலத் தள்ளித் திறந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மெத்தை, வாடகை, நூறு பேர், மின்னல் மண்டை எல்லாவற்றையும். மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ நிஜமா யாருமே எழுதலையா?"

"எங்க எழுதுதுங்க? ஹெல்மெட் கேட்டு ஒரு ஆள். கடன் குடுக்க ஒரு ஆள். அப்புறம் ஒரு கிழவர்."

"கிழவரா?"

"ஆமா, ஒன்றரைப் பக்கத்துக்கு அழுது வடிஞ்சிருந்தாரு. சார் படிச்சுக் காட்டினாரு, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அழிச்சுட்டேன்."

மகள் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை வந்து நில்லுடி. நான் ஒரு தாள்ல எழுதித் தரேன், அதை ஒப்பிச்சா போதும். உனக்கு என்ன வேணும்னாலும் கேளு."

"தாழ்ப்பாள்," என்றாள் மகள்.

அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் தேவை அவளுடையது. மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுப் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தாள். தச்சர் போனதும் மகள் அதைப் போட்டுப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை திறக்கவில்லை.

பரிசு கொடுக்கும் நாளில் அக்கா ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே பாடம் நடத்தினாள். "உங்க அம்மா யாருன்னு கேட்டா வீட்டுல இருக்காங்கன்னு சொல்லு. என்னை அக்கான்னு கூப்பிடு. கேக்குதா?" பள்ளிக்கூடம் போகும்போதும் இப்படித்தான், அக்கா பேசிக்கொண்டே போவாள், மகள் பின்னால் உட்கார்ந்து வருவாள். ஹெல்மெட்டுக்குள் யாருக்கு என்ன கேட்கிறது.

அலுவலகத்தில் காரியம் ஜோராக நடந்தது. நாவலாசிரியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "என் நாவல் எப்படிம்மா இருந்துச்சு?"

"செம சார். வேற லெவல்," என்றாள் மகள், தாளில் இருந்தபடியே.

"பாத்தீங்களா, இதுதான் இளைய தலைமுறை. சுருக்கமா, நச்சுன்னு," என்றார் முதலாளி.

"அந்த அம்மா பாத்திரம் எப்படி வந்திருக்கு?"

அது தாளில் இல்லை. மகள் ஒரு கணம் அக்காவைப் பார்த்தாள்.

"நம்பற மாதிரி இல்ல சார்."

நாவலாசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தத் துணிச்சல்தான் தனக்குப் பிடிக்கும் என்றார். படம் எடுத்தார்கள். தெரியாததைக் கேட்டால்கூடச் சமாளிக்கிறாளே, என் வயிற்றில் பிறந்தது வேறெப்படி இருக்கும் என்று அக்காவுக்குப் பெருமையாகவே இருந்தது. பகுதி தொடரும் என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மெத்தைக்கு வேறு இடம் பார்ப்பதாகவும் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. மகள் பரிசுப் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், நிறுத்திவைத்த ஸ்கூட்டரில் ஏறி, அக்காவின் இடத்தைக் காலியாக விட்டுப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்த ஒயர் குரலைத் தாழ்த்தினான்.

"மின்னல் மண்டை உங்க பொண்ணுதானேக்கா? மூக்கு அப்படியே இருக்கு."

அக்கா கைப்பையை மறுபடி மேசையில் வைத்தாள்.

"பயப்படாதீங்க, சார்கிட்ட சொல்ல மாட்டேன். எந்தப் பதில் எந்த வீட்டு இணைப்புலேருந்து வருதுன்னு எனக்கு இங்க காட்டும். முதல் நாள்லேருந்தே பாத்துட்டுதான் இருக்கேன். கடன்காரரையும் ஹெல்மெட்காரரையும் கழிச்சா எல்லாமே உங்க வீடுதான்."

"என்னப்பா செய்யறது," என்றாள் அக்கா. "வேலை போயிடும்னு பயம்."

"புரியுதுக்கா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்." அவன் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே சொன்னான். "ஒண்ணே ஒண்ணுதான் மனசு கேக்கல. எல்லாத்துக்கும் முன்னாடி உங்க வீட்டுலேருந்து ஒண்ணு வந்துச்சே, அந்தப் பின்சீட்டு, அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதைப் போய் ஏன்க்கா அழிச்சீங்க?"