கூடாத கமரா

"இதைவிடக் கூடாத கமரா ஒண்டும் இல்லையோ, தம்பி?"

சுவிஸில், ஷ்லீரன் ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கும் தமிழ்க் கடையில் போன் விற்கும் அபிசனுக்குக் கேள்வி விளங்கவில்லை. சின்னப் போன் வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், கமராவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தவர் தவச்செல்வன்தான். மூன்றும் பொருந்திய போனை எடுத்துக் கொடுத்தால், கமரா நன்றாக இருக்கிறதாம், ஆகவே வேண்டாமாம்.

"அங்கிள், ஆக்கள் நல்ல கமரா எண்டுதான் கேக்கிறவை."

"அவையின்ர மனிசிமார் வேற மாதிரி, தம்பி."

தவச்செல்வனுக்குச் சீனி வருத்தம். டொக்டர் அதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் புதுச் சட்டம் வந்துவிட்டது. மனைவி வத்சலாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. தவச்செல்வன் தான் வேலை செய்யும் பார்சல் கிடங்கில் மத்தியானம் என்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வத்சலாவுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் சட்டம்.

தவச்செல்வன் எதையும் விடத் தயாராகத்தான் இருந்தார். தேநீரில் சீனியை விட்டார். சோற்றைப் பாதியாக்கினார். சனிக்கிழமைப் பியரைக்கூட விட்டார். இதே கடையின் மற்ற மூலையில் இந்து என்ற பெண் விற்கும் மட்டன் ரோல்ஸை விடத்தான் மனம் வரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. தவச்செல்வன் ரோல்ஸைச் சலாட்டில் மறைத்தார். இரண்டு ரோல்ஸைத் தட்டில் வைத்து, மேலே இலைகளைப் பரப்பி, படத்தை எடுத்து அனுப்பிவிடுவார். காசு கொடுத்து வாங்கிய இலையை எறிய மனமில்லாமல் அதையும் தின்றுவிடுவார்.

முதல் நாளே வத்சலா கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ, இலைக்குக் கீழ மண்ணிறமா என்ன கிடக்கு?"

"காளான்."

"ம்ம்," என்று வத்சலா வைத்துவிட்டார்.

தப்பினேன் என்று தவச்செல்வன் நினைத்தார். ஆனால் அன்றிலிருந்து வத்சலாவுக்குக் காளான் மேல் ஒரு தனி அக்கறை வந்துவிட்டது. "இண்டைக்குக் காளான் கொஞ்சம் கருகிக் கிடக்கு," என்பார். இன்னொரு நாள், "நிறம் காணாது, வடிவா வேகேல்லைப் போல," என்பார். எல்லாம் மகள் வாங்கிக் கொடுத்த அந்தப் பெரிய போனால் வந்த வினை. அதன் கமராவில் இலையின் நரம்புகூடத் தெரியும். இப்படியே போனால் இன்றோ நாளையோ பிடிபடுவது நிச்சயம்.

பிடிபட்டால் ரோல்ஸோடு முடியாது. கலியாணம் செய்த நாளிலிருந்து வத்சலாவிடம் அவர் சொன்ன ஒரே பெரிய பொய் இதுதான். அது அவரை உறுத்தியது. உறுத்த உறுத்தத்தான் சாப்பிட்டார்.

"சரி, கடையில இருக்கிற சின்னப் போன் மூண்டையும் எடு. சோதிச்சுப் பாப்பம்," என்றார் அபிசனிடம்.

மேசையில் மூன்று போன்கள் வந்தன. மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கின. சோதனைக்கு ஒரு ரோல்ஸ் வேண்டுமே என்று மற்ற மூலைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டார். இந்து கையைத் தட்டிவிட்டார்.

"அதைத் தொடாதேங்கோ அண்ணை! அது மற்ற ஆக்களுக்கு. உங்களுக்கு நான் கீழ்த் தட்டில இருந்து தாறன்."

"பாத்தியோ தம்பி? எத்தினை மாதமா எனக்குத் தனிக் கவனிப்பு," என்று தவச்செல்வன் பெருமைப்பட்டார். "இந்துவின்ர ரோல்ஸைப் போல சுவிஸில எங்கையும் கிடையாது. பேப்பரில ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டாது. இறைச்சி எண்டால் பஞ்சு."

இந்து குனிந்து மேசையைத் துடைத்தார்.

ரோல்ஸை நடுவில் வைத்து மூன்று போனாலும் படம் எடுத்தார். பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் முதல் படத்தைக் காட்டினார்.

"அம்மா, இது என்ன?"

"ரோல்ஸ். ஒரு கரையில வெடிச்சும் கிடக்கு."

"தோல்வி," என்றார் தவச்செல்வன். இரண்டாவதைக் காட்டினார்.

"இதுவும் ரோல்ஸ்தான். நேத்தையான் போல."

"இதுவும் தோல்வி. இது?"

அந்த அம்மா மூன்றாவது போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், தலைகீழாகவும் பிடித்தார்.

"மழையில நனைஞ்ச சப்பாத்தோ?"

தவச்செல்வனின் முகம் தைப்பொங்கல் மாதிரிப் பொங்கியது. "இதைக் கட்டு தம்பி!"

"அங்கிள், உந்தப் போனை நான் ஆருக்கும் விக்கிறேல்லை. பெட்டியில கமரா எண்டு போட்டிருக்கு, அதால இருக்கு. அவ்வளவுதான்."

"எனக்கு அதுவே காணும், தம்பி."

பெரிய போன் வேலைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போகுதில்லை என்று வீட்டில் ஒரு காரணம் சொல்லிவைத்தார். அடுத்த நாள் மத்தியானம் சின்னப் போனால் படம் எடுத்து அனுப்பினார். பச்சையாக ஒரு மேகம், அதற்குக் கீழே மண்ணிறமாக ஒரு மேகம். அப்படியொரு நிம்மதியோடு அவர் அதுவரை ரோல்ஸ் சாப்பிட்டதில்லை.

இரண்டாவது ரோல்ஸ் பாதியில் இருக்கும்போது வத்சலா கூப்பிட்டார்.

"என்னப்பா படம் இப்பிடி? கை நடுங்குதோ?"

"இல்லை, புதுப் போன்..."

"சீனி கண்ணுக்குப் போயிட்டுதோ? கண் டொக்டரிட்ட நாள் எடுக்கிறன்."

"கண் நல்லாத்தான் கிடக்கு, வத்சலா!"

"அப்ப காளானை இரண்டா வெட்டி, உள்ளுக்குத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுங்கோ."

தவச்செல்வனுக்கு விக்கல் எடுத்தது. காளானுக்கு உள்ளுக்கு என்ன இருக்கிறது? எந்த ஊரில் எந்த மனைவி காளானை வெட்டிக் காட்டச் சொல்லுவாள்?

"இண்டைக்கு முடிஞ்சுது," என்றார்.

"அப்ப நாளைக்கு."

அடுத்த நாள் உண்மையான காளான் தேவைப்பட்டது. கிடங்கு அலுவலகத்தில் வேலை செய்யும் பெத்ரா தினமும் சலாட்தான் சாப்பிடுவாள், அதில் காளானும் இருக்கும். ஒரு நிமிடம் உன் தட்டைப் படம் எடுக்கவா என்று கேட்டார். பெத்ரா சிரித்துக்கொண்டு ஒரு காளானை வெட்டித் தட்டை நீட்டினாள். அந்தப் போன் தூர நின்றால் ஒன்றையும் பிடிக்காது. ஆகவே நெருங்கி நின்று, குனிந்து எடுத்து, பார்க்காமலே அனுப்பினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"காளானை விடுங்கோ," என்றார் வத்சலா. குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "தட்டைப் பிடிச்சிருக்கிற கை ஆரின்ர?"

தவச்செல்வன் படத்தைத் திறந்து பார்த்தார். காளானும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன கமரா தன் வாழ்நாளில் ஒன்றே ஒன்றைத்தான் தெளிவாகப் பிடித்திருந்தது: சிவப்புப் பூச்சுப் பூசிய ஐந்து நகம்.

"அது... அலுவலகத்துப் பெத்ரா."

"அவ ஏன் உங்களுக்குச் சாப்பாடு நீட்டுறா?"

"நீட்டேல்லை. அது அவவின்ர சாப்பாடு."

"அவவின்ர சாப்பாட்டை நீங்கள் ஏன் எனக்கு அனுப்பிறியள்?"

நல்ல கேள்வி.

அன்றிரவு வத்சலா மூன்றாம் பேருக்குச் சொல்வதுபோல, "புட்டு கிடக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தவச்செல்வன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். ரோல்ஸுக்காகச் சொன்ன பொய் இப்போது ரோல்ஸைவிடப் பெரிதாகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. பெண் விசயத்தில் தன்னை வத்சலா சந்தேகப்படுவார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் மனைவி போவார்.

வெள்ளிக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு இருவரும் போனார்கள். டொக்டர் கணினியைப் பார்த்தார், தவச்செல்வனைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"சூப்பர், ஹெர் தவச்செல்வன்! சீனி நல்லா இறங்கியிருக்கு. என்ன சாப்பிடுறீங்களோ, அதையே தொடர்ந்து சாப்பிடுங்கோ."

தவச்செல்வன் நாற்காலியில் நிமிர்ந்தார். ரோல்ஸ் தின்று சீனி இறங்கியதாக உலகத்தில் எவனாவது கேள்விப்பட்டிருக்கிறானா? வத்சலாவின் வாயோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது.

வெளியே பஸ் தரிப்பில் வைத்து வத்சலா தொடங்கினார்.

"சீனி முடிஞ்சுது. இனி நகம்."

இனித் தாங்காது. தவச்செல்வன் எல்லாவற்றையும் கொட்டினார். இலைக்குக் கீழே இருந்தது காளான் இல்லை, ரோல்ஸ் என்றார். மறைக்கத்தான் அந்தப் போனை வாங்கியதையும், பெத்ராவிடம் கேட்டது காளானை மட்டும் என்பதையும் சொன்னார். கடைசியில், "உன்னை ஏமாத்தினது பிழை, வத்சலா. சாப்பிடேக்க ஒவ்வொரு நாளும் நெஞ்சுக்குள்ள உறுத்தினது," என்றார்.

வத்சலா அவருடைய ஜாக்கெட்டின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"சரி. முதல்ல உந்தப் போனைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்கோ. பழையபடி பெரிய போனில எடுத்து அனுப்புங்கோ."

"கோவம் இல்லையோ?"

"கோவம்தான். உந்தக் கமராவில."

இதற்கு என்ன அர்த்தம் என்று கடை வரும்வரை யோசித்தும் தவச்செல்வனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் நெஞ்சு பஞ்சு போல இருந்தது. போனை அபிசனிடம் கொடுத்தார். அவன் அதைத் திரும்ப வாங்க யோசித்து யோசித்து வாங்கினான்.

தவச்செல்வன் மற்ற மூலைக்கு நடந்து, கண்ணாடிப் பெட்டி மேல் கையை ஊன்றி நின்றார்.

"மனிசிக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், இந்து! இனி ஒளிப்பு மறைப்பு ஒண்டும் இல்லை. பழைய போனுக்கே போறன். ரெண்டு மட்டன் ரோல்ஸ் தா."

"அப்பாடா, இனி நானும் வாய் திறக்கலாம்," என்று குனிந்து கீழ்த் தட்டை இழுத்தார் இந்து. "வத்சலா அக்கா உங்கட படத்தை எனக்கு அனுப்பித்தானே, அண்ணை, ஓவனைக் கூட்டு, குறை எண்டு சொல்லுறவ, உந்தப் போன் வந்த நாளிலையிருந்து இறைச்சி இல்லாத உங்கட சோயாமீற் ரோல்ஸ் கருகினதோ, வெந்ததோ எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டுமே தெரியேல்லை!"