பலகையோடு வந்த சுவர்

பலகை அரை விரல் அளவுக்கு வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுகொண்டது.

கண்ணாடிக்காரர் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த சந்துக்குள் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஊதிப் பார்த்தார். தூசி அப்படியே கண்ணில் விழுந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர், தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"வருதா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கு."

"காலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கே. அவ்வளவு தூரத்துலேர்ந்தா வருது?"

வீடு ஏறக்குறைய காலி. கட்டில், பீரோ எல்லாம் முதல் வண்டியில் போய்விட்டன. பேசினால் எதிரொலித்தது. மாலையில் இரண்டாவது வண்டி வரும். அதற்குள் கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் அவரைக் கீழ்வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக்காரர் அவரிடம் ஒரே ஒரு அனுமதிதான் கேட்டிருந்தார். சின்ன அறையில் சுவரின் அடியில் ஓடும் மரப்பலகைகளைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று. அவர், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அடுத்து வருகிறவர்கள் கைக்குழந்தைக்காரர்கள் என்றார். ஒரு கீறல்கூட விழாது என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பலகைகளுக்கு ஒரு கதை உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர்கூட அதைக் கேட்காமல் திரும்பியதில்லை. மகள் தவழத் தொடங்கிய காலத்தில் அந்தச் சுவரின் அடி உதிர்ந்துகொண்டே இருந்தது. உதிர்ந்த காரையைக் குழந்தை பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்காரர் மூன்று நாள் கடைக்கு லீவு போட்டு, பலகை வாங்கி, அறுத்து, நீல வண்ணம் பூசி, சுவர் நெடுக ஆணி அடித்தார். கடையில் அவர் திருகுவது கடுகு அளவு ஸ்க்ரூ. கண்ணாடிக் காலைத் தவிர அவர் வாழ்க்கையில் எதையாவது எதிலாவது பொருத்தியது அந்த ஒரு தடவைதான். அதனால் அந்தப் பெருமை கரையாமல் அப்படியே இருந்தது.

இப்போது மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. புது வீட்டில் பேரக்குழந்தை தவழப் போகும் அறையில் அதே பலகையை அடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மனைவி ஒரு வாரமாக வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். புது வீட்டில் சுவரடியெல்லாம் டைல்ஸ் ஒட்டியிருக்கிறது, இதை எங்கே அடிப்பீர்கள் என்றாள். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டுமே என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு என்ன தெரியும், அடித்த கைக்குத்தான் அருமை தெரியும் என்றார். அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. முதலில் ஜன்னலைச் சுற்றியிருந்த மெல்லிய சட்டத்தில் கை வைத்தார். விரலால் தொட்டதும் அது பொத்தென்று மடியில் விழுந்தது. அவருக்கே அருவருப்பாகப் போய்விட்டது. "இது நான் அடிச்சது இல்ல. வீடு கட்டினவன் அடிச்சிருப்பான். வேலையா இது?" என்று ஓரமாகத் தள்ளிவைத்தார். மனைவி அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றப் போய்விட்டாள்.

அடுத்தது அடிப்பலகை. அதற்கு ஒரு முறை இருக்கிறது என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். பலகையும் சுவரும் சேரும் இடத்தில் வண்ணம் ஒட்டியிருக்கும். முதலில் பிளேடால் அந்தக் கோட்டைக் கீறிவிட வேண்டும். பிறகு நெம்பும் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே எதையாவது தட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, ஆணி இருக்கும் இடம் பார்த்து நெம்ப வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் ம், ம் என்றார். அடித்தவனுக்கே கழற்றச் சொல்லித்தருகிறாளே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பிளேடு எங்கோ மூட்டைக்குள் போய்விட்டது. அது இல்லாமலே நெம்பினார்.

பலகை அரை விரல்தான் வந்தது. ஆனால் அதன் தலையில் ஒட்டியிருந்த சுவர் வண்ணம், வாழைப்பழத் தோல் போல ஒரு பட்டையாக உரிந்துகொண்டு இடுப்பு உயரம் வரை போனது.

சரி, இனிமேல் முறைப்படி செய்யலாம் என்று தட்டையான பொருள் தேடினார். பிஸ்கட் டப்பா மூடி கிடைத்தது. அதைச் சுவரில் வைத்து, அதன்மேல் கம்பியை ஊன்றி நெம்பினார். பலகை அசையவில்லை. மூடியை எடுத்தால் சுவரில் வட்டமாக ஒரு பள்ளம். நடுவில் டப்பாக் கம்பெனியின் முத்திரைகூடத் தலைகீழாகப் பதிந்திருந்தது.

அடுத்துச் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் பலகையைக் கேட்காமல் எடுத்து வந்தார். அது இரண்டாகப் பிளந்தது.

சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள், தன் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என் வேலை அப்படி," என்றார் அவர். வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவர் முகம் பூரித்துப்போயிருந்தது. "எவ்வளவு நீள ஆணி அடிச்சிருக்கேன் பாரு. அப்ப இருந்த வேகம். கீழ்வீட்டு ஐயாவே ஒரு தடவை தட்டிப் பார்த்துட்டு, வீடு விழுந்தாலும் இது விழாதுன்னு சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் அவள்.

கீழ்வீட்டம்மாவின் கணவரான அந்த ஐயா காலமாகி நாலைந்து வருடம் இருக்கும். இந்தப் பலகைக் கதையை அவர் அளவுக்குப் பொறுமையாகக் கேட்டவர் யாரும் இல்லை. கேட்டு முடித்து, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலத் தலையை ஆட்டுவார்.

கடைசியாகக் கண்ணாடிக்காரர் ஆப்பு யோசனைக்கு வந்தார். பிளந்த பலகையையே சின்னச் சின்ன ஆப்பாகச் சீவி, சந்து நெடுகச் செருகி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பலகை முனகியது. ஆணிகள் கிரீச்சிட்டன. அவர் இன்னும் கொஞ்சம் தட்டினார்.

"நமக்கு நாமே ஆப்பு வெச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் பார்க்கிறேன்," என்றாள் மனைவி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் பலகை வந்துவிட்டது. தனியாக வரவில்லை. அதன் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரின் காரையும் வந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று, அதைவிடப் பெரியதாக இன்னொன்று. உள்ளே செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. பின்னாலேயே அடுத்த பலகையும் சரிந்தது. வெள்ளைத் தூசி அடங்கியபோது இருவரும் மாவு மில்லில் வேலை பார்ப்பவர்கள் போல இருந்தார்கள்.

பலகைக்குப் பின்னால் இருந்த சந்தில் என்னென்னவோ கிடந்தன. பொம்மையின் ஒற்றைச் செருப்பு. ஒரு ஹேர்பின். கடித்த பென்சில். காணோம் காணோம் என்று வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடிய சொக்கட்டான் காய். மனைவி தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் செருப்புக்காக மகள் ஒரு நாள் முழுக்க அழுததும், இன்னொரு செருப்பையும் தூக்கிப் போட்ட பிறகுதான் அழுகை நின்றதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. பலகையின் மேல் விளிம்பில் மூன்று சக்கரச் சைக்கிள் உரசிய கோடு அப்படியே இருந்தது. மூலைப் பக்கம் பால்பற்கள் கடித்த தடம் வரிசையாக இருந்தது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்காகத்தான் கேட்டேன்," என்றார் மெதுவாக.

"தெரியும்," என்றாள் அவள். அவர் தலையிலிருந்த காரைத் துண்டை எடுத்துப் போட்டாள்.

அந்த நெகிழ்ச்சி மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும் வரைதான். பிறகு இருவரும் அடித்துப் பிடித்து எழுந்தார்கள். சுவர்க் கீறல் அடைக்க வாங்கியதில் மிச்சமிருந்த பட்டி மாவைக் குழைத்து அவர் ஓட்டையில் அப்பினார். தண்ணீர் கூடிப்போயிருந்ததால் அது கஞ்சி மாதிரி வழிந்து தரையில் தேங்கியது. மறைக்கலாம் என்றால் பீரோ இல்லை, நாற்காலிகூட இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்தது சமையலறைக் காலண்டர் ஒன்றுதான். ஓடிப்போய் அதை எடுத்து வந்து, முழங்கால் உயரத்தில் அந்த ஈரப் பட்டியிலேயே ஒரு ஆணியைச் செருகி மாட்டினார்.

"அங்கே யாரு தேதி பார்ப்பாங்க?" என்றாள் மனைவி.

"குழந்தைங்க வர்றாங்க இல்ல."

கீழ்வீட்டம்மா வாசலில் நின்றார். முதலில் காலண்டரைப் பார்த்தார். ஈரத்தில் அந்த ஆணி மெல்லச் சாய்ந்து, காலண்டர் வழுக்கிக் கஞ்சியில் விழுந்தது. செங்கல் தெரிந்தது. உரிந்த பட்டையும், வட்டப் பள்ளமும், எல்லாமே தெரிந்தன.

கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்றும், நாளைக்கே கொத்தனாரைக் கூட்டிவந்து தன் பொறுப்பில் பூசிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் விடவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, நான் கொஞ்சம் உறுதியா அடிச்சுட்டேன். அதான் சுவரே கூட வந்துடுச்சு," என்றார்.

கீழ்வீட்டம்மா உள்ளே வந்து குனிந்து ஒரு பலகையை எடுத்தார். பின்பக்கத்துக் காரையைக் கையாலேயே தட்டிவிட்டார். வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா, வேண்டாமே," என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில்.

"இருக்கட்டும்மா. அவரும் போயிட்டாரு, நீங்களும் போறீங்க. இனிமே யாருகிட்ட மறைக்கணும்?" என்றவர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். பலகையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். "சுவரை விடுங்க தம்பி, பூசிக்கலாம். நீங்க அடிச்ச பலகையெல்லாம், அடிச்சு முடிச்சுட்டு வேலையா வெளியூர் போனீங்களே, அந்த வாரமே விழுந்துடுச்சு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் நீள ஆணியா போட்டுத் திரும்ப அடிச்சது இது. ஒண்ணே ஒண்ணை மட்டும் எனக்குன்னு விட்டுட்டுப் போவீங்களா?"