மரியாதைக்கு மூன்று திருத்தம்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கட்டிலில் படுத்தபடியே செல்வதாஸ் ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். ரெஜிலா நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும்.

முடிவு எடுத்த களைப்பில் இன்னும் அரைமணி நேரம் படுத்தான்.

ரெஜிலா அன்று நாலரைக்கே எழும்பியிருந்தாள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நிற்கும் எண்பது ரப்பர் மரத்திலும் பால் வெட்டினாள். பசுவைக் கறந்தாள். நேற்று உறைய வைத்த ரப்பரை ரோலரில் கொடுத்து ஷீட்டாக அடித்துக் கொடியில் போட்டாள். இப்போது சிரட்டைகளில் வடிந்த பாலை எடுக்க வாளியோடு இறங்கியிருந்தாள். இதெல்லாம் முடிந்து ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால், ராத்திரி எட்டு வரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஷீட் மாற்ற வேண்டும். வீட்டிலும் ஷீட், வார்டிலும் ஷீட். செல்வதாசுக்கும் ஷீட்டுக்கும் உள்ள உறவு, காலையில் எழும்பும்போது அதை மடிக்காமல் போவதுதான்.

அவனுக்குச் சோலி இல்லை என்று சொல்லக்கூடாது. உலர்ந்த ஷீட்டை ஸ்கூட்டரில் கட்டி அருமனைக்குக் கொண்டு போவான். கடையில் விலை கேட்பான். அந்த விலை ஏன் சரியில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து விளக்குவான். விளக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிடும்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் வெள்ளிக்கிழமை ஒரு இடி விழுந்தது. ரெஜிலாவை வார்டு இன்சார்ஜ் ஆக்கப்போகிறார்களாம். சம்மதம் என்றால் திங்கட்கிழமை ஏழரைக்குப் போய்ச் சேர வேண்டும். இனி எப்போதும் காலை டூட்டி.

அவள் சொன்னதில் செல்வதாசின் காதில் விழுந்தது "காலை" மட்டும்தான். பசுவுக்கும் காலையில் ஆள் வேண்டும், ரப்பருக்கும் காலையில் ஆள் வேண்டும். பள்ளிக்கூட வேனில் ஏற்ற வேண்டிய மகள் ஜெஸ்மிக்கும் காலையில் ஆள் வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆள் யார் என்று கணக்குப் போட அவன் விரும்பவில்லை.

வாளியோடு ஏறி வந்தவளிடம் பேச்சைத் தொடங்கினான்.

"ஏட்டி ரெஜிலா, நீ வேலைக்குப் போறது எனக்குப் பெருமைதான்."

"செரி. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். பெருமைன்னு சொன்னேன்."

"முந்தி ஒருக்கா பெருமைன்னு சொன்னீங்க. அன்னைக்குச் சாயங்காலம் பசுவ வாங்கிட்டு வந்து கயித்த எனக்க கையில தந்தீங்க."

"உனக்க உடம்புக்காகச் சொல்லுதேன். வேலைய விட்டிரு. வீடு, தோட்டம், பிள்ளை. அதுக்க அழகே தனியாக்கும்."

"அந்த அழக இனி நீங்க பாருங்க. பாத்துட்டுக் கறந்து வையுங்க."

"எனக்குக் கறக்கத் தெரியாதுல்லா."

"எனக்கும் ஊசி போடத் தெரியாமத்தான் இருந்து. படிச்சேன்."

பேச்சில் ரெஜிலாவை வெல்ல முடியாது என்பது செல்வதாசுக்குக் கல்யாணம் கழிந்த மறுவாரமே தெரியும். அதனால் மேலிடத்துக்குப் போனான்.

"இது நாம பேசித் தீருற காரியம் இல்ல. நாளைக்கு நம்ம வீட்டுலதான ஜெபக்கூட்டம். சீட்டுல எழுதிப் போடுவோம். உபதேசியார் ஜெபிக்கட்டும். ஆமென் சொன்ன பொறவு மாத்துப்பேச்சு கெடையாது. உனக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது."

ரெஜிலா வாளியைக் கீழே வைத்தாள்.

"உள்ளதா?"

"ஜெபக் காரியத்துல வெளையாடுவேனா?"

"அப்போ எழுதித் தாருங்க. எங்க வார்டுல வாயால சொன்னா ஆர்டர் இல்ல. எழுத்துல இருந்தாத்தான் மருந்து குடுப்போம்."

ஞாயிறு தோறும் சபையில் ஒரு வீடு என்று முறை வைத்துக் கூட்டம் நடக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். உபதேசியார் வாசித்து ஜெபிப்பார். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். பெயர் இருக்காது என்றாலும் யாருடைய சீட்டு என்று வேதப்புத்தகத்தை மூடுமுன் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதுதான் செல்வதாசுக்குச் சிக்கல். "என் மனைவி வேலையை விட வேண்டும்" என்று நேராக எழுத முடியாது. கூட்டத்துக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் வீட்டில் நர்ஸ் உண்டு. அடுத்த வீட்டு ஜெயபாய் அக்கா பெண்கள் சங்கத் தலைவி. அவள் மகள் குவைத்தில் நர்ஸ். நேராக எழுதினால் கூட்டம் முடியுமுன் அவன் கதை முடியும். ஆகவே பூடகமாக எழுதினான். ஒரு மணி நேரம் எடுத்தது. அந்த வருடத்தில் அவன் செய்த கடினமான வேலை அதுதான்.

"இந்த வீட்டில் ஒருத்தி தன் கடமையை மறந்து வெளியே அலைகிறாள். அவள் விடியற்காலம் எழும்பி, பசுவையும் பால்வெட்டையும் பிள்ளையையும் கவனித்து, வீட்டில் அடங்கி இருக்க ஜெபிக்கவும்."

ரெஜிலா வாங்கி வாசித்தாள்.

"அலையுதேனா நான்?"

"அது ஜெப பாஷைட்டி. அப்பிடித்தான் எழுதணும்."

"செரி, காரியம் உங்க இஷ்டம். ஆனா ஒருத்தி, அவள், அலைகிறாள்னு போட்டிருக்கீங்களே. நாளைக்குச் சபை நடுவுல வாசிப்பாங்க. கெட்டுன பெஞ்சாதிய அவ இவன்னு எழுதுறவன்னு உங்கள ஒரு மாதிரி நெனைப்பாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்க மரியாதைக்குச் சொல்லுதேன்."

தன் மரியாதையில் ஒரு ஆளுக்காவது அக்கறை இருப்பது செல்வதாசுக்குப் பிடித்திருந்தது. பேனாவை எடுத்தான். ஒருத்தியை அடித்து ஒருவர் ஆக்கினான். அவளை அடித்து அவர் ஆக்கினான். அலைகிறாளை அலைகிறார் ஆக்கினான். பெஞ்சாதிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் புருஷன் அருமனை முதல் பேச்சிப்பாறை வரை வேறு யாரும் இருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

"வெட்டும் குத்துமா கெடக்கு. நான் நல்ல பேப்பர்ல எடுத்து எழுதட்டா?" என்றாள் ரெஜிலா.

"எழுது, எழுது."

கேஸ் ஷீட் எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்தில், ஒரு புள்ளி கூடாமல் குறையாமல், அவன் எழுதியதை அப்படியே எழுதினாள். அந்தக் கையெழுத்து சபைக்கே தெரியும். பெண்கள் சங்கத்து நோட்டு எழுதுவது அவள்தான். அவன் அதை யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. தோட்டத்தில் நின்ற நல்ல மட்டி வாழைக்குலை ஒன்றை வெட்டி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு உபதேசியார் ஏசுஅடிமை வீட்டுக்குப் போய்விட்டான்.

"நாளைக்குச் சீட்டுல எங்க வீட்டுக் காரியம் ஒண்ணு வரும், உபதேசியாரே. வாயால சொல்ல வெக்கமா இருக்கு. நல்ல அழுத்திப் பிடிச்சு ஜெபிக்கணும்."

"என்ன காரியம், மக்கா?"

"வாசிச்சா வெளங்கும்."

உபதேசியார் குலையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அழுத்திப் பிடிப்பதாக வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறு சாயங்காலம் வீடு நிறைய ஆள். பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது. சீட்டுகள் வந்தன. முதலில் ஒருவருக்கு மூட்டுவலி. அடுத்தது ஒரு பையனுக்கு விசா. மூன்றாவதாக உருண்டைக் கையெழுத்து.

உபதேசியார் வாசித்தார். "இந்த வீட்டில் ஒருவர் தன் கடமையை மறந்து வெளியே அலைகிறார்."

"ஆமென்" என்றான் செல்வதாஸ். தன் எழுத்தைச் சபையில் கேட்கையில் அவனுக்கே உருக்கமாக இருந்தது.

"அவர் விடியற்காலம் எழும்பி..."

"ஆமென்."

"பசுவையும் பால்வெட்டையும் பிள்ளையையும் கவனித்து, வீட்டில் அடங்கி இருக்க..."

"ஆமென், ஆமென்."

ஜெயபாய் அக்கா ரெஜிலாவின் கையெழுத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு செல்வதாசைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உபதேசியார் எழுந்து நின்று கண்ணை மூடினார்.

"பிதாவே, நேற்று இந்தச் சகோதரன் தானாகவே என் வாசலில் வந்து நின்றான். தன் குறையை வாயால் சொல்ல வெட்கப்பட்டான், ஆண்டவரே. இவன் மனைவி நோயாளிகளுக்கும் ஊழியம் செய்து, தோட்டத்திலும் பாடுபடுகிறாள். இவனோ டீக்கடைப் பெஞ்சில்..."

செல்வதாஸ் கண்ணைத் திறந்தான். சுற்றிலும் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ரெஜிலாவும் மூடியிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பக்தி, ஊசி போடுமுன் "வலிக்காது" என்று சொல்லும் பக்தி.

உபதேசியாரின் உள்ளங்கை அவன் தலையில் வந்து இறங்கியது. அழுத்தம் நன்றாகவே இருந்தது. முழுசாக ஒரு குலையின் அழுத்தம்.

"இவனை நாளை முதல் நாலரை மணிக்கு எழுப்பும், ஆண்டவரே."

சபை முழுதும் ஆமென் சொன்னது. கதவோரம் நின்றவர்கள் இரண்டு தடவை சொன்னார்கள்.

காப்பி குடிக்கும்போது ஜெயபாய் அக்கா பக்கத்தில் வந்தாள்.

"ஏலே செல்வதாசு, ஒரு ஆம்பள இப்பிடித் தன்னத் தாழ்த்திக் கேட்டு நான் கண்டதில்ல. எனக்க நெஞ்சு கலங்கிப் போச்சு கேட்டியா. நாளைக்கு விடியக்காலம் நான் வேலிப்பக்கம் வருவேன். வெளிச்சம் தெரியுதான்னு பாப்பேன்."

"அக்கா, அந்தச் சீட்டுல உள்ளது நான் இல்ல..."

"பின்ன ஆரு?"

ஏழெட்டுப் பெண்கள் காப்பியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். எல்லாம் நர்ஸைப் பெற்ற முகங்கள். நடுவில் ரெஜிலா முறுக்குத் தட்டோடு நின்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றான் செல்வதாஸ். "ஆமென்."

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"ஏட்டி, என்னைய மாட்டி வச்சிட்ட இல்லியா?"

"நானா? எழுதினது ஆரு? திருத்தினது ஆரு? மட்டிக்குலை கொண்டு போனது ஆரு? அவ்வளவு பேருக்க முன்னால நாலு தடவை ஆமென் சொன்னது ஆரு?"

"அஞ்சு தடவைம்மா" என்றாள் ஜெஸ்மி. "காப்பி குடிக்கும்போ ஒண்ணு."

திங்கட்கிழமை நாலரைக்கு அலாரம் அடித்தது. செல்வதாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றான். ரெஜிலா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், நாடி பிடித்துப் பார்த்தாள், "நார்மல்" என்றாள். அந்த நார்மலான நெற்றியிலேயே லைட்டைக் கட்டிவிட்டாள்.

பிறகு வார்டில் டூட்டி மாறும்போது சொல்வதுபோல நின்று சொன்னாள்.

"பசு ஒண்ணு. வலது பக்கம் இருந்து கறங்க, இடது பக்கம் போனா சவிட்டும். பிள்ளை ஒண்ணு. ஏழேமுக்காலுக்கு வேன். மரம் எண்பது. பட்டைய மட்டும் சீவணும், தடியில கத்தி கொள்ளப்பிடாது. கேட்டாச்சா? இங்க ஒரு ஒப்பு போடுங்க."

நோட்டில் பேனா வைத்து நீட்டினாள். தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.

முதல் பத்து மரம் கூட நின்று காட்டிக் கொடுத்தாள். பதினோராவது மரத்தில் அவளைக் காணவில்லை. வீட்டில் வெள்ளைச் சேலையை இஸ்திரி போடும் வாசனை மட்டும் வந்தது. கொசு இரண்டு காதிலும் பாடியது. தொழுவத்தில் பசு, புது ஆளின் வாசனை பிடித்தோ என்னவோ, இப்போதே காலை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

"ஆரது வெளிச்சம்?" என்றாள் ஜெயபாய் அக்கா. "ரெஜிலாவா?"

"இல்லக்கா."

"பின்ன ஆரு?"

செல்வதாஸ் மரத்தில் வைத்த கத்தியை எடுக்காமல், தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"அவர்."