கூடலூர் ஜீப் டிரிப்புக்குச் சொர்க்க ரதம்

கூடலூர்,
மலையை மேகம் மூடிய ஒரு மதியம்.

சென்னை மாநகரின் கம்ப்யூட்டர்களைக் கைகட்டி நிற்கவைத்திருக்கும் என் அக்கா மகளும் எனக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் ஆசிரியையுமான யுவராணிக்கு, குமுளி மலையடிவாரத்தின் ஜீப் டிரிப் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் சுந்தரலிங்கம் எழுதிக்கொள்வது. நான் சுகம், உன் அத்தை சுகம், லேப்டாப் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்கிறாய். ஆகவே தபால்.

கோ என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இன்டர்ஃபேஸ், எரர் இரண்டு பாடத்தையும் மறுபடி படித்து, புரிந்ததை எழுதச் சொன்னாய். படித்தேன் தாயி. நான் படித்த அழகைக் கேட்கச் சுருளி அருவி ஒரு நிமிடம் விழாமல் நின்றது. இன்டர்ஃபேஸ் பேரைக் கேட்காது, வம்சத்தைக் கேட்காது, சொன்ன வேலையைச் செய்கிறாயா என்று மட்டும் பார்க்கும். என்ன பெரிய மனசு! நானும் 'வண்டி' என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதினேன். ஆளை ஏற்ற வேண்டும், ஆளை இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர்கள் நம்பரையெல்லாம் உள்ளே போட்டேன். கூலி வேலைக்குப் போகும் பஞ்சம்மாள் செட்டுப் பெண்களை மலைமேல் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூட்டிப்போக விடிந்ததும் புரோகிராமே வண்டியைக் கூப்பிடும், நான் கனவைத் தொடரலாம். தோட்டத்து மேஸ்திரி பேர் எழுதி முடிப்பதற்குள் போகாவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. கூலி போனால் பஞ்சம்மாள் வேறு ஜீப்புக்காரரிடம் போய்விடும், என் சாம்ராஜ்யமும் போய்விடும்.

எரர்தான் எனக்கு ஒத்துவரவில்லை. எந்த வேலையை ஏவினாலும் விடையோடு, ஏதும் தப்பானதா என்று சொல்ல ஒரு எரரையும் கையில் திணித்து, பார் பார் என்கிறது. விடியும்போதே அபசகுனமா? எரரை வாங்கும் இடத்தில் ஒரு அடிக்கோடு போட்டால் அது அதற்குள் விழுந்து மறையும் என்று நீதான் சொன்னாய். அப்படிப் போடக்கூடாது என்றும் சொன்னாயாம், அது காதில் விழவில்லை. எல்லா இடத்திலும் அடிக்கோடு போட்டேன்.

நேற்று விடியலில், வழக்கமாக அவர்களை ஏற்றிப்போகும் ஒச்சாண்டியின் ஜீப்புக்குக் கிளட்ச் போய்விட்டது. "வர முடியாது" என்று அவன் அனுப்பியது அடிக்கோட்டுக்குள் விழுந்தது. நான் போர்வைக்குள் மேகத்தின்மேல் மிதந்துகொண்டிருந்தேன். புரோகிராம் மட்டும் விழித்திருந்து, விடை காலி என்றதும் என்னை எழுப்பாமலே, ஏற்றி இறக்கும் அடுத்த வண்டியைப் பிடித்தது. அது அதே ஸ்டாண்டில் நிற்கும் கர்ணனின் சொர்க்க ரதம். நம் ஊரில் இறந்தவர்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற அதே வண்டி. செய்தி கேட்டு லுங்கியோடு ஓடினேன். பனிக்குள் செவ்வந்தி மாலையும் சீரியல் விளக்குமாக அது நிற்கிறது, ஊதுபத்தி வாசம் வேறு.

"ஏலே கர்ணா, யாருலே செத்தது?" என்றது பஞ்சம்மாள்.

"யாரும் சாகலக்கா. பத்துப் பேர ஏத்தணும்னு மெசேஜ் வந்துச்சு. ஒரே வீட்டுல பத்தான்னு பதறிப்போயில்ல வந்தேன்!"

பஞ்சம்மாள் என் பக்கம் திரும்பியது. "அண்ணே, உங்க கம்ப்யூட்டரு எங்கள ஒரேயடியா அனுப்பப் பாக்குதோ? சரி, ஏறுங்கடி. மேஸ்திரி பேரு எழுதி முடிச்சுருவாக."

நான் முன்சீட்டில் ஒடுங்கினேன். கேரள எல்லைச் செக்போஸ்டில் மலையாளத்துப் போலீஸ் தொப்பியைக் கழற்றி, "ஆரா மரிச்சது?" என்றார்.

"இன்னும் யாரும் இல்ல சாரே. பிந்துனா எங்க கூலிதேன் சாகும்!" என்றது பின்னாலிருந்து பஞ்சம்மாள்.

பிறகு நடந்தது பூலோகமா என்று எனக்கே தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸும் லாரியும் ஒதுங்கி வழிவிட்டன. எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். ஹாரன் சத்தமே இல்லை. பின்னால் பெண்கள் வரிசையாக மல்லாந்து தூங்க, மாலையிலிருந்து இதழ் உதிர்ந்து அவர்கள்மேல் விழுந்தது. நாமும் செத்துவிட்டோம், பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் இறங்கும்போது பஞ்சம்மாள் முகம் கொடுக்கவில்லை. "நாளைக்குத் தோட்டம் லீவுதேன், வந்து சொல்றேன்" என்று போய்விட்டது. தீர்ப்பு எனக்குத் தெரியும். ஆகவே இன்றோடு கம்ப்யூட்டர் துறவு பூணுகிறேன். புரோகிராமை நீயே அங்கிருந்து அழித்துவிடு. உன் மீட்டிங்குகள் சீக்கிரம் முடியவும், வேளைக்குச் சோறு கிடைக்கவும் மலைமேல் இருக்கிற சாமியெல்லாம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
முடியிழந்த மாமன் சுந்தரலிங்கம்.

பின்குறிப்பு: அழித்துவிடாதே! கவரை ஒட்டும்போது பஞ்சம்மாள் வந்தது. "அண்ணே, மேஸ்திரிக்கு முந்தி நாங்கதேன் போய் நின்னோம். ஒச்சாண்டி ஜீப்புல முட்டி நெஞ்சுல இடிக்கும். செத்தாத்தேன் இப்பிடி நீட்டிப் படுத்துப் போகலாம்னு இருந்தோம். தெனமும் அதையே அனுப்புங்க" என்றது. கர்ணனும் சரி என்றுவிட்டான். ஒரே ஒரு சிக்கல்தான் தாயி. ஊரில் நிஜமாகவே யாராவது செத்துப்போனால் வண்டி அங்கே போய்விடும். அந்த எரரை மட்டும் எப்படிப் பிடிப்பது என்று உடனே எழுது.