சேந்தமங்கலத்தில் ஓர் ஆழ்கடல் மீன்

பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். மீன்களின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, போர்வெல் வண்டியில் வடக்கே சுற்றி, லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடித்து, ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் வரையக் கற்று, கடைசியில் சேலத்தில் செல்போன் விளையாட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். விளையாடுகிறவர்களைத் துரத்தும் அரக்கர்களை வரைவது என் வேலை. (சொந்தக் கற்பனை கிடையாது. கடல் ஜந்துக்களின் படத்தைப் பார்த்து வரைந்து, கொம்பு மட்டும் கூடுதலாக வைப்பேன். கடலை நேரில் பார்த்ததில்லை.)

பல இடம் தட்டிப்போன பிறகு, வெண்ணந்தூரில் இருக்கும் என் அக்கா இந்த வரனைக் கொண்டுவந்தாள். சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணைக் குடும்பம், ஒரே பெண். அவர்கள் போட்டது ஒரே நிபந்தனை: வீட்டோடு வந்து உட்காரும் மாப்பிள்ளை ஆகாது.

"இதுவும் போச்சுன்னா இனி உனக்காக யாரு ஊட்டுப் படியும் மிதிக்க மாட்டன்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் அக்கா.

பெண்ணின் அப்பா மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தம்பிக்கு என்னங்க வேலை?"

வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று செல்போனை நீட்டினேன். நான் வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்த அரக்கி. ஊசிப் பற்கள், நெற்றியில் தொங்கும் விளக்கு.

"ஏனுங்க, இப்படியொண்ணு நெசமாலுமே இருக்குதுங்களா?"

ஆர்வமாகத்தான் கேட்டார். நான் நாசமானது அங்கேதான்.

"ஆழ்கடல்ல இருக்குதுங்க. இது பொம்பளை மீனு. ஆம்பளை மீனு விரல் அளவுதானுங்க. தனியாப் பொழைக்கத் தெரியாது. பெரிய பொம்பளை மீனாப் பாத்து வயித்தக் கடிச்சுப் புடிச்சுக்கும். தோலோட தோலு ஒட்டிக்கும். அப்புறம் அதுக்குக் கண்ணுகூட வேண்டியதில்லீங்க. ஆயுசுக்கும் சாப்பாடு அவ ரத்தத்துலயே வந்துரும்."

அக்கா என் காலை மிதித்தாள். (பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

"நல்ல ஏற்பாடுங்க" என்று முடித்தேன்.

அவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். ஜன்னல் வழியே பண்ணையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பண்ணையப் பாத்துக்க எங்களுக்கு ஆளு இருக்குதுங்க, தம்பி."

கதவோரம் நின்ற பெண் மட்டும், "அந்தப் பொம்பளை மீனுக்குப் பாரமா இருக்காதுங்களா?" என்று கேட்டாள். அன்று அந்த வீட்டில் எழுந்த ஒரே நல்ல கேள்வி. நாங்கள் வெண்ணந்தூர் வந்து சேருவதற்குள், வேண்டாம் என்று போன் வந்துவிட்டது.

பிறகு அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மாமாவின் விசைத்தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் மாமா என்னைப் பார்க்காமலே அக்காவிடம் விசாரிப்பார்.

"ஏம்புள்ள, உந்தம்பிக்குப் பல்லு நல்லாப் பதிஞ்சிருச்சா?"

"கண்ணு இன்னும் போகலீங்க. தோசையப் பாக்குது பாருங்க" என்பாள் அக்கா, இன்னொன்றை என் தட்டில் போட்டபடி.