ஊசிக்கண்ணரின் பதினோரு முடி

ஊசிக்கண்ணருக்குப் பயப்படாத பட்டுப்புடவை பெங்களூர் கண்டோன்மெண்ட்டில் அந்தக் காலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாண வீட்டு வாசலில் அவர் தலை தெரிந்தால் போதும், பெண்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் வாரப் பத்திரிகை ஆசிரியருக்கே தெரியுமா என்பது சந்தேகம். இன்றைக்குச் சிவாஜிநகர் என்கிற இடத்தில், ஒரு கறிக்கடைக்கும் ஒரு துணிக்கடைக்கும் நடுவே எங்கள் ஆபீஸ் இருந்தது. நான் புரூஃப் பார்ப்பவன். அவர் ‘உடையும் உண்மையும்’ என்ற பகுதியை முப்பது வருஷமாக எழுதி வந்தவர். எந்தக் கல்யாணத்தில் யார் என்ன உடுத்தினார்கள், எந்த ரவிக்கைக்குப் பஃப் கை வந்தது, எந்தத் துரைசானி போன வருஷத்துத் தொப்பியையே மாட்டிக்கொண்டு வந்தாள், ஒன்றும் தப்பாது. ஆரம்பத்தில் அவரை ஒரு மலர்க்காட்சிக்கு அனுப்பினார்களாம். ‘தொட்டியில் இருந்த பூக்கள் அசல், தொப்பிகளில் இருந்தவை காகிதம்’ என்று எழுதிக் கொடுத்தாராம். பூவைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. அன்றிலிருந்து அவரைத் துணிப் பக்கமே விட்டுவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் உடை சொன்ன மகானுபாவர் போட்டுக்கொண்டது ஒரே பழுப்புக் கோட்டு. அதில் ஐந்து பொத்தான், ஐந்தும் ஐந்து ஜாதி. தலையில் பதினோரு முடி. நான் எண்ணியிருக்கிறேன். புரூஃப் வராத மத்தியானத்தில் மனுஷன் வேறு என்னதான் செய்வான்? அந்தப் பதினொன்றையும் எண்ணெய் தடவி இடமிருந்து வலமாகப் படுக்க வைத்திருப்பார். காற்றடித்தால் கை தானாக மேலே போய்ப் பொத்திக்கொள்ளும்.

பட்டு என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. பீடி, சுருட்டுப் பழக்கம் கிடையாது. புடவை ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தி முகர்வார். அசல் பட்டென்றால் முடி கருகின நாற்றம் வரும். ஆர்ட் சில்க் என்கிற செயற்கைப் பட்டென்றால் காகிதம் எரிகிற வாசனைதான். எந்த வாசனை வந்ததோ அது அடுத்த வாரம் பத்திரிகையில் வரும். கொஞ்சம் பூசி மெழுகி எழுதக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

“பேசறது காத்துல போயிடும்பா. அச்சு நிக்கும்,” என்றார்.

இப்படி எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆளை ஊர் சும்மா விடுமா? ஜவுளிக்கடைக்காரர்களிடம் கை நீட்டுகிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். யுத்தம் வந்ததும் போலீசுக்கும் சந்தேகம் வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று மாதா கோயில் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குறிப்பெடுத்தவரை ஒரு கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். நோட்டில் ஒரு புடவைச் சாயத்தைப் பற்றி ‘நீலக் கரை, நிற்காது’ என்று இருந்ததைச் சங்கேத பாஷை என்று முடிவு கட்டிவிட்டார். ஊசிக்கண்ணர் அவரை மேலும் கீழும் பார்த்து, நிஜாரில் பின்பக்கம் தையல் விட்டிருக்கிறதே என்று அனுதாபமாகச் சொன்னார். கான்ஸ்டபிள் பின்பக்கமாகவே நடந்து ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தார்.

அந்த வருஷம்தான் என் தங்கை ஸ்டெல்லாவுக்கு லிங்கராஜபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். அப்பா இல்லாத வீடு. இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரோஸம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: நிச்சயதார்த்தத்தன்று தட்டில் வைத்துத் தனக்கு ஓர் அசல் பட்டுப்புடவை. பட்டெல்லாம் பாராசூட் தைக்கப் போய்க்கொண்டிருந்த காலம். கடை கடையாக அலைந்து கடைசியில் ஓர் ஆர்ட் சில்க்கை வாங்கி, அசல் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தே செய்த காரியம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆபீஸில் எல்லோரையும் அழைத்தேன், ஊசிக்கண்ணரைத் தவிர. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு வாசற்படியில் அந்தப் பழுப்புக் கோட்டு வந்து நின்றது. கிழவன் பழிவாங்க வந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

ரோஸம்மா தட்டிலிருந்த புடவையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கண்ணர் பகுதியை வாரம் தவறாமல் படிக்கிறவள்; அவரைக் கண்டதும் கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டாள்.

“நல்ல வேளை வந்தீங்க சார். சொல்ப இதப் பாத்துச் சொல்லுங்க. அசல் இல்லன்னா நாங்க இப்பவே எந்திரிச்சிப் போறோம்.”

அவர் புடவையைப் பார்த்தார். நாலு முழத் தூரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூக்கு சுருங்கியதை நான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சமையலறைக் கதவோரம் நின்ற ஸ்டெல்லாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது போல, கை தலைக்குப் போய் வந்தது.

இழையை உருவினார். தீக்குச்சியைக் கிழித்தார். வீடெல்லாம் முடி கருகின நாற்றம். ரோஸம்மா குனிந்து தானும் ஒருமுறை நன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

“அசல் பட்டும்மா,” என்றார் ஊசிக்கண்ணர். “தைரியமாக் கட்டிக்கோங்க.”

கல்யாணம் நிச்சயமானது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஆர்ட் சில்க் எப்படி முடி மாதிரி நாறும்? கடைக்காரன் தவறிப்போய் அசலையே கொடுத்துவிட்டானோ என்று இரண்டு நாள் அவன்மேல் சந்தேகப்பட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் அவர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் எண்ணினேன். பத்து. மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

அந்த வாரம் ‘உடையும் உண்மையும்’ வரவில்லை. முப்பது வருஷத்தில் அதுவே முதல் தடவை. ஆசிரியர் குதித்ததற்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். நான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“உன் வீட்டப் பத்தித்தான் எழுதணும்,” என்றார் தலை நிமிராமல். “எழுத வரலப்பா. விட்டுடு.”

அந்தக் காலி இடத்தில் ஓர் இருமல் மருந்து விளம்பரத்தைப் போட்டு நிரப்பினோம். ரோஸம்மா சாகும்வரை எல்லாத் திருநாளுக்கும் அந்தப் புடவையைத்தான் கட்டினாள்; ஸ்டெல்லாவை ஒரு சொல் சொன்னதில்லை.

என் தலையிலும் இப்போது எண்ணிவிடக்கூடிய அளவுதான் மிச்சம். காற்றடித்தால் என் கையும் மேலே போகிறது. அப்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷனின் ஞாபகம் வருகிறது.