மாப்பிள்ளைக்கு வைத்த ஐஸ்

சிவப்பு லைட் எரிந்தது. அதைக் கண்டதும் ஐங்கரன் சட்டென்று வண்டியை நிறுத்தினான்.

வண்டி என்றால் காரல்ல, குதிரை வண்டியுமல்ல. பனிமலையில் ஓடுகிற மோட்டார் வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ராணுவ டாங்கிக்கு இருப்பதுபோல் சுற்றுகிற ரப்பர்ப் பட்டி. பின்சீட்டில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை கரிகாலன், ஐங்கரனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனில் கல்யாண மண்டபத்தின் கார் பார்க்கிங்கில் சனம் நிரம்பி வழிந்தது. எல்லோர் கையிலும் போன்.

"செ நொர்மால்?" என்றான் மாப்பிள்ளை. இப்படி நிற்பது வழமைதானா என்று கேட்கிறான், பாவம்.

"ஓம் ஓம், நொர்மால்," என்றான் ஐங்கரன்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஐங்கரனுக்கு ஒரு கடை. மணவறை, குத்துவிளக்கு, புகை மெஷின் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். பெண்ணின் தகப்பன் அரியரத்தினம் ஒருநாள் கடைக்குள் வந்து, கதிரையில் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார்.

"என்ரை மச்சான் தன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஹெலிகொப்ரரிலை இறக்கினவன். எனக்கு அதுக்கு மேலை ஒண்டு வேணும்."

ஹெலிகொப்டருக்கு மேலே ஆகாயம் மட்டுமே மிச்சமிருந்ததால், ஐங்கரன் பக்கவாட்டில் யோசித்தான். ஜூரா மலையில் பனிவண்டி வாடகைக்கு விடும் ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெரியவரைப் பிடித்தான். ஒரு காலைப்பொழுது அவரிடம் ஓட்டப் பழகினான்.

"இந்த எஞ்சினைக் குளிர்விப்பதே பனிதான்," என்று பெரியவர் விளக்கினார். "பட்டி சுற்றும்போது தூள்பனியை வாரி அடியிலுள்ள தகட்டில் அடிக்கும். தகட்டுக்குள் ஓடும் தண்ணீர் குளிரும். இறுகிப்போன பாதையில் தூள் கிளம்பாது, எஞ்சின் கொதித்துவிடும். அதனால் ஓரத்துத் தூள்பனியில் ஓட்டு. பின்னால் பனியைத் தூளாக்கும் சுரண்டு கம்பிகள் இருக்கின்றன, இறக்கிவிடு. அப்படியும் சூடேறினால் நிறுத்தி ஆறவிடு."

அவ்வளவுதான். பாரிஸுக்குத் திரும்பியபோது ஐங்கரன் பனியியல் நிபுணனாகியிருந்தான். தெருவில் மரக்கறி வாங்க வந்தவர்களையெல்லாம் மறித்து, இறுகிய பனியின் ஆபத்தைப் பற்றி வகுப்பெடுத்தான். அவர்கள் முருங்கைக்காயைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார்கள்.

விதி என்னவென்றால், கல்யாணத்தன்று அவனுக்குக் கிடைத்தது உலகத்திலேயே மிக இறுகிய பனி. லொறி வந்து செயற்கைப் பனியை அழகாகத்தான் தூவியது. ஆனால் பெண்டுகளின் குதிச் செருப்பு புதையும் என்று அரியரத்தினம் அதன்மேல் ரோட்டுப் போடும் உருளையை ஓடவிட்டார். பனி சீமெந்தாயிற்று. தார் கீறுப்படும் என்று மண்டப மனேஜர் சுரண்டு கம்பிகளைக் கழற்றச் சொன்னார். வண்டியின் முகத்தில் ஐங்கரன் ஆசையோடு பூட்டிய தேர்மோக்கோல் மயில், மீட்டர்களையெல்லாம் மறைத்துவிட்டது. தெரிந்தது அந்தச் சிவப்பு லைட் மட்டும்தான்.

அரியரத்தினம் ஓடி வந்தார். "என்ன தம்பி நிப்பாட்டிப்போட்டீர்? வீடியோக்காரன் இப்பதான் கமராவைத் தூக்கினவன்!"

"எஞ்சின் கொதிக்குதண்ணை. கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டார். "ஐயோ, ஓமடாப்பா, சுடுது!"

"கைப்பிடியே இப்பிடிச் சுட்டால் உள்ளுக்கை என்ன கோலமெண்டு யோசியுங்கோ."

யோசித்த அரியரத்தினத்துக்கு மச்சானின் சிரித்த முகம்தான் தெரிந்தது.

வண்டியை லொறியில் கொண்டுவந்தவள் ஸ்ரனிஸ்லாஸின் மகள் மெலானி. அவளைக் கேட்டிருக்கலாம். ஆனால் காலையிலேயே அவளைப் பெண்டுகள் மடக்கிப் பெண்ணின் அறைக்குள் கொண்டுபோய்ச் சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள். அவளுடைய போன் லொறிக்குள் கிடந்து அடித்தது. தவிர, நிபுணன் ஒருவன் இருக்கும்போது இன்னொருத்தியைக் கேட்பானேன்?

முதல் வைத்தியம், ஆறவிடுதல். எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தான். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திருப்பி வாசித்தார். மாப்பிள்ளையின் உதடு நீலமாயிற்று. மறுபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்தான். சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது.

"தூள்பனி வேணும்," என்றான் ஐங்கரன். "பொறுங்கோ, கார்த்திகேயன் இஞ்சை பக்கத்திலைதான் நிக்கிறான்."

லா சப்பலில் மீன்கடை வைத்திருக்கும் கார்த்திகேயன், ஓல்னேயில் ஓர் உணவகத்துக்கு மீன் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மீன் வண்டியோடு பறந்து வந்தான். பெட்டி பெட்டியாக உடைத்த ஐஸ்.

"கழுவினதுதானே?" என்று அடிக்குரலில் கேட்டார் அரியரத்தினம்.

"கழுவினதுதான் அண்ணை."

"ஐஸையோ, மீனையோ?"

கார்த்திகேயன் பெட்டியைக் கவிழ்த்தான்.

ஐங்கரன் வண்டியை முறுக்கினான். பட்டி சுற்றியது, ஐஸைத் தன் கடமைப்படி வாரி அடித்தது. பாதி தகட்டுக்குப் போயிற்று. மீதி நாதஸ்வரக்காரருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிடப்பட்டது. ஐஸோடு செதிலும் வந்தது. ஓர் இறால் தலை மாப்பிள்ளையின் தலைப்பாகையில் கல்லுவைத்த பதக்கத்துக்குப் பக்கத்தில் போய் வடிவாக உட்கார்ந்தது. புகைக்குழாயில் பட்ட ஐஸ் நீராவியாகச் சீறி எழுந்தது.

"பாத்தீங்களே ஆவியை! இவ்வளவு சூடு!" என்றான் ஐங்கரன், தன் கணிப்புச் சரியாகிவிட்ட மகிழ்ச்சியில்.

பெண்ணின் தாய் கோசலை ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தவர், மூக்கைப் பொத்தினார். "என்னப்பா இது? சைவக் கலியாணத்திலை ஆர் பாரைமீன் வெட்டுறது?"

"உள்ளை போம்! மாப்பிள்ளைக்கு எஞ்சின் சூடு!" என்று கத்தினார் அரியரத்தினம்.

வாசலில் ஐயர் தலைகாட்டினார். முகூர்த்தம் போகிறது என்பதை விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு மறைந்தார்.

லைட் அணையவில்லை. ஐங்கரன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். சுரண்டு கம்பி இல்லாவிட்டால் என்ன? மண்டபத்துச் சமையலறைக்குள் ஓடி, தேங்காய் துருவும் திருவலையோடு வெளியே வந்தான்.

பின்னாலேயே சமையல்காரர். "தம்பி, சம்பலுக்கு இன்னும் அரைவாசித் தேங்காய் கிடக்கு!"

"சம்பல் இல்லாமல் கலியாணம் நடக்கும் அண்ணை. மாப்பிள்ளை இல்லாமல் நடக்காது!"

திருவலையை வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டினான். சொல்லக்கூடாது, அது அருமையாகச் சுரண்டியது. தேங்காய்ப்பூப்போல் பனித்தூள் பறந்தது. சனம் கைதட்டியது. வெற்றிக் களிப்பில் ஐங்கரன் நேரே வாசலை நோக்கி விட்டான். அங்கே பனி முடிந்து சிவப்புக் கம்பளம் தொடங்கியது. அதையும் திருவலை அதே சிரத்தையோடு கிழித்துத் தூக்கியது. தூக்கியதைப் பட்டி விழுங்கியது. கம்பளத்தில் நின்ற வாழைமரங்கள் இரண்டும் தோரணத்தோடு கும்பிட்டு விழுந்தன. இழுபட்ட வண்டி ஒருமுறை முனகி நின்றது. மயிலின் தலை மட்டும் தனியே மண்டபத்துக்குள் பிரவேசித்தது.

மாப்பிள்ளை மெல்ல இறங்கினான். பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னான். அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் மணக்க மணக்க நடந்தே உள்ளே போனான். மணவறையில் பெண் மிருணாளினி நிமிர்ந்து பார்த்து, தலைப்பாகையிலிருந்த இறால் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். தாலி கட்டி முடியும்வரை அவள் சிரிப்பு நிற்கவில்லை. மேளம் முழங்கியது. மச்சான் எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தார்.

வெளியே அரியரத்தினம் படியில் உட்கார்ந்திருந்தார். ஐங்கரன் பட்டிக்குள்ளிருந்து கம்பள நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"எஞ்சின் வெடிக்காமல் காப்பாத்திப்போட்டன் அண்ணை," என்றான். "வேறை ஒருத்தன் ஓட்டியிருந்தால் மாப்பிள்ளை எரிஞ்சிருப்பார்."

அரியரத்தினம் யோசித்தார். இந்தக் கோணம் அவருக்குப் பிடித்திருந்தது. "ஓம் தம்பி. மச்சானுக்கும் அதை விளங்கப்படுத்தோணும்."

அப்போது மெலானி வெளியே வந்தாள். காஞ்சிபுரச் சேலை, நெற்றியில் பொட்டு, கையில் லட்டு. கிழிந்த கம்பளத்தையும் திருவலையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐங்கரன் அவளுக்குப் பிரெஞ்சில் நடந்ததையெல்லாம் விளக்கினான்: இறுகிய பனி, சுட்ட கைப்பிடி, அணைய மறுத்த லைட், தான் எடுத்த தற்காப்பு நடவடிக்கைகள். உன் தகப்பன் சொன்ன ஒன்றையும் விடவில்லை என்றான்.

அவள் குனிந்து சாவியைத் திருப்பினாள், சிவப்பு லைட் எரிந்தது. கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பொத்தான் ஒன்றை அழுத்தினாள். லைட் அணைந்தது.

"இது எஞ்சின் லைட் இல்லையே, முசியே ஐங்கரன்," என்றாள் மெலானி லட்டைக் கடித்தபடி. "கைப்பிடியைச் சூடாக்குகிற ஹீட்டர், குளிரில் உங்கள் கை விறைக்குமே என்று காலையில் நான்தான் போட்டுவிட்டேன்."